பஞ்சநாதன் பின்னிய தோரணம்

கண்காட்சி அட்டையில் தன் பெயரைப் பார்த்ததும் பஞ்சநாதனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. 'நெற்கதிர்த் தோரணம். பின்னியவர்: பஞ்சநாதன், பூவம்.'

காரைக்கால் கலை மையத்துக்கு அவர் வந்தது மனைவியை வண்டியில் கொண்டுவிடத்தான். பின்னியது அவள், நீலாயதாட்சி. வாரத்தில் இரண்டு நாள் கைவினை கற்றுத்தர மையத்துக்கு ஓர் ஆள் வேண்டுமாம். தேர்வுக்குழு இன்று மேசை மேசையாக வந்து பார்த்து முடிவு செய்யும். பத்து நாளாக வீட்டில் நீலாவுக்கு வேறு பேச்சே இல்லை. அப்படியிருக்க, அவள் மேசையில் அவர் பெயர் எப்படி வந்தது?

கொஞ்சம் யோசித்ததும் புரிந்தது. ரேஷன் அட்டை, கேஸ், பயிர் நிவாரணம் என்று இருபது வருடமாக வீட்டு விண்ணப்பங்களை எழுதுவது நீலாதான். 'பெயர்' என்ற கட்டத்தைக் கண்டால் கை தானாகப் புருஷன் பெயரைப் போட்டுவிடும். மையத்தின் படிவத்திலும் போட்டிருக்கிறாள்.

அவள் பக்கத்து அறையில் ஓவியம் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுச் சொல்லலாம் என்று அவர் நகர்வதற்குள் கீர்த்திகா என்றொரு கல்லூரிப் பெண், இவ்வளவு அழகாகப் பின்னியது நீங்களா என்று கண் விரியக் கேட்டாள். ஆமாம் என்று வாய் சொல்லிவிட்டது. அவள் செல்ஃபி வேறு எடுத்துக்கொண்டாள்.

அந்தச் செல்ஃபி முடிவதற்குள் மைய அலுவலர் சோமசேகரன், தேர்வுக்குழுத் தலைவி அஜீசுன்னிசாவை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியையான அந்த அம்மாள் தோரணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்த நெல் என்று கேட்டார். நெல்லைப் பற்றிக் கேட்டால் பஞ்சநாதன் விடுவாரா? பொன்மணி என்றார். முழுக்க முற்றவிட்டால் மணி உதிரும், தாளில் பச்சை இருக்கும்போதே அறுக்க வேண்டும் என்றார். அம்மாள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

"சரி, ஒரு வரிசை பின்னிக் காட்டுங்க."

மேசையில் ஈரத்துணி சுற்றிய கதிர்க்கட்டு இருந்தது. வருடா வருடம் அறுத்துக் கொடுப்பவர் அவர்தான். அதன் பிறகு அது எப்படித் தோரணமாகிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கதிரை எடுத்துக் குறுக்கே வைத்தார். ஒன்று நழுவி விழுந்தது. நிமிர்ந்தால் எதிரே நீலா. அட்டையைப் படித்து வெளிறிப்போயிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றார் பஞ்சநாதன். "இது என் சம்சாரம் செஞ்சது. பழக்கத்துல என் பேரை எழுதிடுச்சு. நான்தான் பெருமைக்கு ஆமான்னுட்டேன்."

பட்டியலில் கையெழுத்தாகிவிட்டது, இனி மாற்றுவது கஷ்டம் என்று சோமசேகரன் இழுத்தார். அஜீசுன்னிசா அதைக் காதில் வாங்கவில்லை. பின்னத் தெரிவது வேறு, சொல்லித்தரத் தெரிவது வேறு, மையத்துக்கு வேண்டியது இரண்டாவது என்றார். பிறகு பஞ்சநாதனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒண்ணுமே தெரியாதவர் ஒருத்தர் கெடச்சிருக்காரே. இவருக்குக் கத்துக்குடுங்கம்மா. இவர் ஒரு வரிசை முடிச்சிட்டா வேலை உங்களுக்கு."

நீலா பக்கத்தில் வந்து நின்றாள். மூன்று கதிரை எடுக்கச் சொன்னாள். வலது தாளை நடுத்தாள் மேல் மடித்து, மடிப்புக்குள் புதுக் கதிரைச் செருகச் சொன்னாள். பஞ்சநாதன் செருகினார். அவிழ்ந்தது. மறுபடி செருகினார். மறுபடி அவிழ்ந்தது.

"இறுக்கிப் புடிக்காதீங்க, மாட்டுக் கயிறா அது?" என்றாள். கீர்த்திகா சிரித்துவிட்டாள். நீலா ஒரு நிமிடம் அவர் விரல்களையே பார்த்தாள். "நாத்தப் பறிச்சு முடி கட்டுவீங்கல்ல? சுத்தி, உள்ள தள்ளி விடுவீங்களே. அதேதான் இது."

அந்தப் பேச்சு நேரே விரலுக்குப் போய்ச் சேர்ந்தது. சுற்றினார், தள்ளினார். நின்றது. அடுத்ததும் நின்றது. ஏழாவது கதிரில் தேர்வுக்குழுத் தலைவி நிற்பதையே மறந்து, ஒரு மடிப்புக்குள் இன்னொரு மடிப்பு எப்படிப் போய் உட்காருகிறது என்று குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். பத்தாவது முடிந்தபோது ஒரு சாண் நீளம் சேர்ந்திருந்தது. கோணல்தான். அஜீசுன்னிசா ஒரு முனையைப் பிடித்து உதறிப் பார்த்தார். அவிழவில்லை.

பட்டியலை எடுத்துவரச் சொல்லி சோமசேகரனை அனுப்பிவிட்டு, செவ்வாய்க்கிழமையே வகுப்பைத் தொடங்க முடியுமா என்று நீலாவிடம் கேட்டார். அவள் தலையசைத்தாள்.

பஞ்சநாதன் இன்னும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"இந்த ஓரத்த எப்படி மூடுறது, நீலா?"

"செத்த பொறுங்க. இந்த அம்மாகிட்டப் பேசிட்டு வர்றேன்."