பால்ரஸ் குண்டு உருண்டது

கண்ணாடிக் கடைக்காரருக்குத் தன் கார் ஷெட்டின் தரைமேல் கொள்ளைப் பெருமை. யார் வந்தாலும் பேரிங்கில் போடும் சின்ன இரும்புப் பால்ரஸ் குண்டு ஒன்றை எடுத்து அதன்மேல் வைப்பார். குண்டு இம்மியும் நகராது.

"பாத்தீங்களா? மட்டம்னா இது மட்டம்!"

அன்று மதியமும் குண்டு தரையில்தான் இருந்தது. காரைத் தூக்கும் லிப்டின் இடது தூணுக்கும் சுவருக்கும் நடுவில்.

இரண்டு தூண்களுக்கிடையே, மார்பளவு உயரத்தில் பழைய கார் தொங்கியது. மூன்று வருஷமாக மூச்சு விடாத வண்டி. அதை ஓட்டிக் காட்டத்தான் ஷெட்டையே புதுசாக்கினார். புதுத் தரை, வரிசையாக டியூப் லைட், சக்கரம் வைத்த இரும்பு மேஜை, லிப்ட். வண்டி மட்டும் அப்படியே கிடந்தது. "நோயாளிய வாசல்ல படுக்க வெச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு வெள்ளையடிக்கிறாரு" என்பாள் மனைவி.

வண்டிக்கு அடியில், குட்டை ஸ்டூலில் மச்சான் உட்கார்ந்திருந்தான். மனைவியின் தம்பி. எலக்ட்ரீஷியன். கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கியை முட்டுக் கொடுத்திருந்தான். கடைசி போல்ட்டைக் கழற்றியதும் அது தாண்டி கியர்பாக்ஸ் 'டக்'கென்று பின்னால் சரிந்தது.

"ஆ! மாமா, கை மாட்டிக்கிச்சு!"

கியர்பாக்ஸுக்கும் அதன் கீழிருந்த குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில் அவனுடைய இடது கை.

"எலும்பு ஒண்ணும் போகல. சிரிக்காம அந்த நீளக் கம்பிய எடுங்க. ஒரு நெம்பு நெம்பினா வந்துரும்."

கண்ணாடிக்காரர் கம்பியை எடுக்கக் குனிந்தார். அப்போதுதான் பார்த்தார்.

குண்டு உருண்டது.

யாரும் தொடவில்லை. தானாக நகர்ந்து, சுவர் ஓரம் போய் முட்டி நின்றது. தூணின் பின்பக்கம் தரை லேசாக உப்பியிருந்தது. சுட்ட அப்பளம் போல. நடுவில் மயிரிழை விரிசல்.

காரணம் அவருக்குத் தெரியும். பழைய தரை முழுக்க இந்தக் கார் ஒழுகிய எண்ணெய். அதைச் சுரண்டாமல் மேலேயே காங்கிரீட் போட்டுப் பளபளப்பாக்கியிருந்தார். ஆழமாகத் துளைத்தால் பளபளப்பு சில்லு சில்லாகப் பெயரும் என்று, தூணைத் தரையோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்டையும் குட்டையாகவே வாங்கினார். தூண் பிடித்திருந்தது பூமியை அல்ல. எண்ணெய்மேல் ஒட்டாமல் கிடந்த ஒரு காங்கிரீட் பலகையை.

"மாமா, கம்பி!"

"மாப்ளே, அசையாதே."

"என்ன?"

"வண்டிய நெம்பக்கூடாது. தூண் தரையோட தூக்குது."

அடியிலிருந்து சன்னமாக: "எவ்வளவு தூக்குது?"

கண்ணாடிக்காரர் விரிசல்மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார்.

"சொல்லாதீங்க மாமா. வேணாம்."

வாசலில் மனைவியின் தலை தெரிந்தது.

"உள்ள வராதே!"

"ஏன், உங்க தரையில அழுக்குப் பட்டுடுமா?" என்றவள், அவர் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரும்பு மேஜை சுவர் ஓரம் இருந்தது. அதன்மேல் ஒரு ஸ்பேனரை வைத்தால்கூட வீட்டில் சண்டை வரும். இப்போது அதைப் பூனை மாதிரி உருட்டி வந்து, வண்டியின் முன்பக்கத்துக்கு அடியில் நுழைத்தார். வண்டிக்கும் மேஜைக்கும் நான்கு விரல் இடைவெளி. சக்கரங்களைக் காலால் அழுத்திப் பூட்டினார். ஒவ்வொரு 'க்ளிக்'குக்கும் மச்சானின் மூச்சு நின்று வந்தது.

இனி ஜாக்கி. அது கியர்பாக்ஸின் அடியில்தான் நின்றது. ஒரு நூல் உயர்ந்தால் கை விடுபடும். ஆனால் அதன் கைப்பிடி மச்சானுக்கு எட்டாது. யாராவது அடியில் போகவேண்டும்.

கண்ணாடிக்காரர் மண்டியிட்டார். முழங்கால் வழியாக அந்தத் தரை நடுங்குவது தெரிந்தது. தவழ்ந்து போனார். முகத்துக்கு மேலே எண்ணெய் வாடை, துரு, ஒரு டன் இரும்பு.

"மாமா," மச்சான் குரல் காதருகே. "இந்த அழகுல ரெண்டு பேரும் போனா அக்கா நம்மள மன்னிக்கவே மாட்டா."

"வாய மூடுடா."

கைப்பிடியை இறக்கினார். ஒரு அழுத்து. பின்னால் எங்கோ 'டொக்'. இன்னொரு அழுத்து. மேலிருந்து துருத்தூள் கண்ணில் கொட்டியது. துடைக்கவில்லை.

"வந்துருச்சு!"

"போ! போடா!"

ஸ்டூல் உருண்டது. மச்சான் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து இழுக்க, இருவரும் வாசலில் போய் விழுந்த அதே நொடி, தரை பிளந்தது. இடது தூண் உள்பக்கமாகத் தலை சாய்ந்தது. கார் மூக்கைக் குத்திக்கொண்டு மேஜைமேல் இறங்கியது. மேஜையின் ஒரு கால் மடங்கியது. மற்ற மூன்றும் தாங்கின. ஸ்டூல் மட்டும், தரையில் இறங்கிய பின்சக்கரத்துக்கு அடியில் நசுங்கிப் போனது.

மனைவி தம்பியின் வீங்கிய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். ஐந்தும் மடங்கின. அதன் பிறகுதான் கணவன் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் அவர் கண்ணிலிருந்த துருவை முந்தானையால் துடைத்தாள்.

பொழுது சாயும் வரை மூவரும் வெளியிலேயே நின்றார்கள். உள்ளே எல்லா டியூப் லைட்டும் ஜொலித்தன. சுவிட்ச் சாய்ந்த தூணுக்குப் பக்கத்தில் இருந்தது.

"கரெண்ட் பில் எகிறும் மாமா," என்றான் மச்சான்.

"எகிறட்டும்."

உள்ளே, மேஜையின் இன்னொரு கால் மெல்ல முனகியது. மூவரும் ஒன்றாக ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.