பிள்ளையார் கோவிலில் பிடித்த பிரேக்

பாம்பு கடித்தபோது எனக்கு ஒன்பது வயது. கடித்த வலி மறந்துவிட்டது. அதற்குப் பிறகு ஊர் கூடிப் பேசிய பேச்சுதான் மறக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

மம்சாபுரத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். எண்பத்தாறாம் வருஷம். எங்கள் மேலத்தெருவுக்கு ஒரு சட்டம் இருந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். கீழத்தெரு ஆட்கள் பிள்ளையார் கோவில் வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கிவிட வேண்டும். தெரு முடிகிற தண்ணீர்த் தொட்டி வரைக்கும் உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். திரும்பி வரும்போதும் அப்படியே. பிறந்ததிலிருந்து பார்த்ததால் எனக்கு அது வித்தியாசமாகவே தெரியவில்லை. அவர்களுக்கு உருட்டத்தான் பிடிக்கும்போல என்று நினைத்திருந்தேன். அவ்வளவு மக்கு நான்.

சமுத்திரம் கீழத்தெருக்காரர். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் சுற்றுவட்டாரத்தில் அவரைத்தான் தேடுவார்கள். என் அப்பா சீனிச்சாமியைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் எங்கள் தெருப் பொடிசுகள்கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். நானும் அப்படித்தான்.

அன்று அப்பா ராஜபாளையம் போயிருந்தார். சமுத்திரம் எங்கள் தோட்டத்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். மோட்டார் ரூமுக்குப் பின்னால் கொய்யா பறிக்கப் போன இடத்தில் என்னைப் பாம்பு கடித்தது. அவர் தன் துண்டால் என் காலைக் கட்டி, கேரியரில் உட்காரவைத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். போகிற வழி எங்கள் தெரு.

பிள்ளையார் கோவில் வந்ததும் சைக்கிள் நின்றது. அவர் கால் தரையில் இருந்தது. தெருவைப் பார்த்தார். எனக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது.

"ஏன் நின்னுட்ட?" என்று கேட்டேன்.

மறுபடி ஏறி மிதித்தார். தெரு நெடுகிலும் மிதித்தார். கொஞ்சம் தாமதித்திருந்தால் பிள்ளை தங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னதாக அம்மா பிறகு சொன்னாள்.

எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தேன். அன்று சாயங்காலமே தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் மேலத்தெருக் கூட்டம். சமுத்திரத்தைச் சைக்கிளோடு வரச் சொல்லியிருந்தார்கள். அவர் உருட்டிக்கொண்டு வந்து நின்றார்.

பெரியவர் பால்ச்சாமி ஆரம்பித்தார். "தெருவுக்குள்ள மிதிச்சிருக்கான். இன்னைக்கு இவன விட்டா நாளைக்கு அம்புட்டுப் பேரும் மிதிப்பான்."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் சமுத்திரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர் அவர். இங்கே துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"எம்புள்ளையக் காப்பாத்துனவன். அதனால பெருசா ஒண்ணும் வேண்டாம். ஒரு தடவ விழுந்து கும்பிட்டுட்டுப் போகட்டும்."

ஏதோ தானம் கொடுத்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. என் அப்பாவை நினைத்து வெட்கப்பட்டது அதுதான் முதல் தடவை. கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே போனேன்.

"நானுந்தான் எறங்காமப் போனேன். நானும் விழணுமாப்பா?"

"ஏட்டி செல்லக்கனி, வீட்டுக்குப் போ."

"போக மாட்டேன். அவரு கோவில்ட்ட நின்னாரு. எனக்குக் கண்ணு இருட்டிட்டு வருது, அப்பவும் ஒங்க சட்டத்துக்காக நின்னாரு."

"சின்னப்புள்ளைக்கு என்ன தெரியும்?" என்றார் பால்ச்சாமி. "ஏலே சமுத்திரம், தப்பு செஞ்சேன்னு சொல்லி விழு."

சமுத்திரம் தலையை நிமிர்த்தினார்.

"தப்பு செஞ்சது நெசந்தான். கோவில்ட்ட பிரேக்கப் புடிச்சேன். ஒரு புள்ள உசுரு போய்க்கிட்டிருக்கு, நான் ஒங்களுக்குப் பயந்து நின்னேன். அதுக்கு விழணும்னா இந்தப் புள்ள கால்ல விழுதேன். ஒங்க கால்ல விழ மாட்டேன்."

சொல்லிவிட்டுச் சைக்கிளை வீட்டுப் பக்கம் திருப்பினார். தெருவுக்குள்ளேயே ஏறி சீட்டில் உட்கார்ந்தார். நாலைந்து இளவட்டங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்கள். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. நொண்டிக்கொண்டே ஓடிக் கேரியரில் ஏறி, அவர் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன். இனி சைக்கிளைத் தள்ளிவிட வேண்டுமானால் சீனிச்சாமி மகளையும் சேர்த்துத்தான் தள்ள வேண்டும்.

இளவட்டங்கள் அப்பா முகத்தைப் பார்த்தார்கள். அப்பா இரண்டு எட்டு முன்னால் வந்தார். என் கால் கட்டைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"மிதிங்க மாமா," என்றேன்.

மிதித்தார். வாசல்களில் பெண்கள் வந்து நின்று பார்த்தார்கள். குறுக்கே நின்ற ஆட்டுக்கு அவர் மணி அடித்தார். எங்கள் தெருவில் அவருடைய சைக்கிள் மணியை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

பிள்ளையார் கோவில் வந்தது. அவர் கை பிரேக் பக்கம் போகவில்லை.