பஞ்சுவுக்கும் நேரம் எடுங்க

“என் நாயும் ஓடும். அதுக்கும் வாட்ச் பிடிச்சு நேரம் எடுக்கணும்.”

மைக்குக்குப் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டேன் போல. சேலையூர்ப் பள்ளிக்கூட மைதானம் முழுக்க என் குரல் போய்விட்டது. ஷாமியானாவின் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மடிகளில் இருந்த பொமரேனியன்கள் குரைக்க ஆரம்பித்தன. ஒன்று குரைத்தால் போதும், மற்றவை காரணம் கேட்காது.

யூனிஸ் மிஸ் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த ரூபியின் காதைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

கேட்கக் கூடாது என்று எனக்குச் சொல்லித்தான் வைத்திருந்தார்கள். சொன்னது அம்மா. “டீச்சரம்மா இன்னா குடுக்குதோ வாங்கிக்க. நீயா வாயத் தொறந்து ஒண்ணு கேட்டுக்கினு நிக்காத, மஹா.” அம்மா தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். போலீஸ்காரருக்கும் விலை குறைக்காதவள். மிஸ் வீட்டு வாசலில் மட்டும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓரமாக நிற்பாள்.

காரணம் இல்லாமல் இல்லை. பத்தாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்தவர் மிஸ். என்னை மேலே படிக்க வைக்கச் சொல்லி, பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டுக்கே வந்து அப்பாவோடு சண்டை போட்டவர். எங்கள் சனத்தில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். விலங்கியல். முடித்துவிட்டு வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தபோது, ரிட்டயரான கையோடு தன் வீட்டு முன்னறையில் அவர் தொடங்கிய நாய் பார்லரில் என்னைச் சேர்த்துக்கொண்டார். குளிப்பாட்டுவது, சிக்கெடுப்பது, நகம் வெட்டுவது. நல்ல மனுஷி. ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. நன்றி சொல்லிச் சொல்லி எனக்குத்தான் வாய் வலித்துப் போயிருந்தது.

ரூபி மிஸ்ஸுடைய பொமரேனியன். ஆரஞ்சு நிறம், உரிக்காத தேங்காய் அளவு. அதற்கு ஓட்டப் போட்டிதான் உயிர். கம்பியைத் தாண்டி, நட்டு வைத்த குச்சிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடி, துணிக் குழாய்க்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். எந்த நாய் தப்பில்லாமல் சீக்கிரம் முடிக்கிறதோ அதற்குப் பரிசு. நாயோடு கூடவே ஓர் ஆளும் ஓடி வழி காட்ட வேண்டும். மிஸ்ஸுக்கு இரண்டு மூட்டும் போய்விட்டது. அதனால் ரூபியோடு ஓடுவது நான்.

ரூபிக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் நான் இதையெல்லாம் பழகியது பஞ்சுவிடம். பஞ்சு என்னுடைய வெள்ளை நாய். எங்கள் தெருவில் இருந்த பேங்க்காரர் குடும்பம் பெங்களூருக்கு மாறிப் போனபோது, “ப்யூர் பொமரேனியன்மா, பத்திரமா பாத்துக்க” என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனது. ஏரிக்கரையில் பிளம்பர் மிச்சம் வைத்த பைப்புகளைக் கம்பியாகக் கட்டினேன். அடிப்பக்கம் வெட்டிய டிரம்தான் குழாய். துடைப்பக் குச்சிகளை நட்டேன். வாக்கிங் வருகிறவர்கள் நின்று சிரிப்பார்கள். பஞ்சு கண்டுகொள்ளாது. அதன் கண் முழுக்க என் பாக்கெட்டில் இருக்கும் நெத்திலிக் கருவாட்டின் மேலேயே இருக்கும்.

இந்தப் போட்டியைப் பற்றி மிஸ் இருக்கும் பொமரேனியன் சங்கத்தில் பேச்சு வந்த நாளிலேயே மிஸ்ஸிடம் கேட்டேன். “பஞ்சுவும் ஓடலாமா மிஸ்?”

“பார்ப்போம்மா.”

அப்புறமும் கேட்டேன். அப்புறமும் பார்ப்போம். இன்று ஓடப்போகும் நாய்களின் பெயர்களை மைக்கில் சொல்லி முடித்தார்கள். பஞ்சுவின் பெயர் இல்லை. நேராகப் போய்க் கேட்டுவிட்டேன்.

சங்கத் தலைவர் வேதசிரோமணி சார் எழுந்து வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. முதலில் பஞ்சுவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கையை முகரக் கொடுத்தார். அது சம்மதித்த பிறகுதான் தாடையைத் தொட்டார், காதைப் பார்த்தார், முதுகை அளப்பது போலத் தடவினார். நாய் தெரிந்தவர் என்பது பார்த்ததுமே புரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“நல்ல நாய்மா. ரொம்ப நல்ல நாய். ஆனா இது பொமரேனியன் இல்ல. இண்டியன் ஸ்பிட்ஸ். பொமரேனியன்னா மூணு கிலோ இருந்தாலே அதிகம். இதுக்கு மூக்கும் நீளம், காலும் உசரம். நம்ம ஊர்ல வெள்ளையா புசுபுசுன்னு இருந்தாலே எல்லாரும் பொமரேனியன்னு சொல்லிடறாங்க.”

மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே வேடிக்கை பார்த்த கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. எங்கள் தெரு ஆட்டோக்காரர் ஏகநாதன் அண்ணன். கையில் அவருடைய வெள்ளை நாய் டைகர்.

“சார், அப்போ எங்க டைகரு?”

வேதசிரோமணி சார் எட்டிப் பார்த்தார். “அதுவும் ஸ்பிட்ஸ்தாங்க.”

“இன்னா சார் சொல்ற? பத்து வருசமா பொமரேனியன்னு சொல்லிக்கினு கீறேன். பையனுக்குப் பொண்ணு பாக்கப் போன எடத்துல கூட சொல்லிட்டனே!”

கூட்டம் சிரித்தது. பக்கத்தில் நின்ற ஓர் அக்கா தன் கையிலிருந்த நாயைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரும் வெள்ளை நாயோடுதான் வந்திருந்தார். கயிற்றுக்கு வெளியே நின்ற முக்கால்வாசி நாய்கள் வெள்ளை.

“சரி சார், ஸ்பிட்ஸ்னே இருக்கட்டும்” என்றேன். “காலைல அழகுப் போட்டி வெச்சீங்க. பல்லப் பாத்தீங்க, வாலப் பாத்தீங்க. அதுக்கு என்ன ஜாதின்னு கேளுங்க, நியாயம். ஓடறதுக்கு எதுக்கு சார்? கம்பியத் தாண்டுதா இல்லையா, அவ்ளோதான?”

“இது பொமரேனியன் சங்கம்மா. ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கில்ல?” குரலை உயர்த்தவே இல்லை அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒண்ணு செய்யலாம். பரிசெல்லாம் கொடுத்து முடிச்சதும் உன் நாய் ஒரு ரவுண்டு ஓடட்டும். சும்மா, ஜாலியா. ஜனங்க பாத்து சந்தோஷப்படுவாங்க” என்றார்.

“நேரம் எடுப்பீங்களா?”

“ஜாலிக்கு ஓடறதுக்கு எதுக்கும்மா நேரம்?”

மிஸ் என் முழங்கையைப் பிடித்து, ஷாமியானாவுக்குப் பின்னால் தண்ணீர் கேன் வைத்திருந்த இடத்துக்குக் கூட்டிப் போனார். அந்தப் பத்தடி நடப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மஹா.”

“மூணு மாசமா சொன்னேன் மிஸ். நீங்க பார்ப்போம்னீங்க.”

தலைக்கு மேலே விமானப்படையின் சின்ன விமானம் ஒன்று இரைந்துகொண்டு போனது.

“நான் சங்கத்துல கேட்கவே இல்லம்மா” என்றார். “கேட்டா சிரிப்பாங்கன்னு தெரியும். எங்க வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா எனக்குன்னு போன் பண்றது இவங்க மட்டும்தான். அதையும் கெடுத்துக்க பயமா இருந்துச்சு.” புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். “எல்லாரும் போகட்டும். நான் என் போன்ல டைம் எடுக்கறேன். பஞ்சு எவ்ளோ வேகம்னு நம்ம ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா போதாதா?”

அவர் மனசாரத்தான் சொன்னார். அது எனக்குத் தெரியும். கத்த வேண்டும் என்று வந்திருந்தேன். இந்த முகத்தைப் பார்த்துக் கத்த முடியவில்லை. அந்தக் கோபம் வெளியே வரவும் இல்லை, அடங்கவும் இல்லை.

“போதாது மிஸ்.”

அதற்குள் மைக்கில் ரூபியின் பெயர் வந்துவிட்டது.

மிஸ் என்னை ஓடச் சொல்லிக் கேட்கவில்லை. ரூபியின் கயிற்றை நீட்டவும் இல்லை, பின்னால் இழுத்துக்கொள்ளவும் இல்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் மாட்டேன் என்றால் ரூபி இன்று ஓடாது. அந்த மூட்டுவலியை வைத்துக்கொண்டு மிஸ் நாலடி ஓட முடியாது. சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ‘உங்க நாய நீங்களே ஓட்டிக்குங்க.’ மைக்கில் சொன்ன மாதிரியே இதையும் சத்தமாகச் சொல்லலாம்.

கீழே ரூபி கம்பிகளைப் பார்த்துவிட்டது. முன்னங்கால் இரண்டும் தரையில் நிற்கவில்லை. வாய்க்குள்ளேயே முனகியது. இதற்குச் சங்கமும் தெரியாது, ரூல்ஸும் தெரியாது, நான் யார் என்பதும் தெரியாது. கம்பி தெரியும், என் குரல் தெரியும்.

அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். ரூபியை ஓட்டப் போவதை மட்டும் அல்ல, அதற்கு அடுத்ததையும்.

பஞ்சுவின் கயிற்றை ஏகநாதன் அண்ணனிடம் கொடுத்தேன். “கொஞ்சம் புடிங்கண்ணா.”

விசில் ஊதியதும் ரூபி பறந்தது. முதல் கம்பி, இரண்டாம் கம்பி, குச்சிகள். ஒரு குச்சியைக்கூட விடவில்லை. துணிக் குழாயின் வாயில் மட்டும் திடீரென்று நின்றது. கயிற்றுக்கு வெளியே பஞ்சு குரைத்துக்கொண்டிருந்தது. ரூபி தலையைத் திருப்பி அதைப் பார்த்தது. அப்படியே விட்டிருந்தால் நேரம் போயிருக்கும், யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க முடியாது. நாய் நின்றுவிட்டது, நான் என்ன செய்வேன்?

குழாயின் அந்தப் பக்கம் ஓடிப்போய் மண்டியிட்டு உள்ளே கையை நீட்டினேன். மைதானத்துக்குள் தீனி காட்டக் கூடாது. கையில் ஒன்றும் இல்லை. ஆனால் காலையிலிருந்து நெத்திலி எடுத்துக் கொடுத்த கை. “ரூபிம்மா, வாடி!” துணி உள்ளே இருந்து அலை அலையாக அசைந்தது. ஆரஞ்சுப் பந்து ஒன்று என் நெஞ்சில் வந்து மோதியது. கடைசிக் கம்பியைத் தாண்டும்போது நானும் கத்தினேன், அதுவும் கத்தியது.

ரூபிதான் முதல். அதற்கப்புறம் ஓடிய எந்த நாயும் பக்கத்தில்கூட வரவில்லை. மிஸ் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். கோப்பையைக் கொடுக்கும்போது என்னையும் படத்துக்குள் இழுத்தார். நான் நின்றேன். சிரித்தும் வைத்தேன். ரூபிக்காக.

படம் எடுத்து முடித்ததும் போய்ப் பஞ்சுவை வாங்கிக்கொண்டேன். ஏகநாதன் அண்ணன் என்னைப் போக விடவில்லை. “டைகருக்கு இதெல்லாம் வருமா? வயசாயிடுச்சேம்மா.”

“கம்பியக் கீழ வெச்சுக்கலாம்ணா. ஞாயித்துக்கிழமை காலைல ஏரிக்கரைக்கு இட்டுக்கினு வாங்க.”

“நெசமாவா சொல்ற?”

பக்கத்தில் நின்ற அக்காவும் கேட்டார். “என்னுதும் வெள்ளதாம்மா. வரலாமா?”

“எந்தக் கலரா இருந்தாலும் வாங்கக்கா. ஒரு வாட்ச் மட்டும் கொண்டாங்க.”

மிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் ரூபி, காலடியில் கோப்பை. பாக்கெட்டிலிருந்த பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தேன். பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நெத்திலி மிஸ். நீங்க வாங்கித் தர்ற பிஸ்கட்டுக்கு ரூபி ஓடாது. அம்மா கடையில கேட்டா எடுத்து வெப்பாங்க. உப்பு போக நல்லா கழுவி, மறுபடி காய வெச்சுக் குடுங்க. ஒரு நேரத்துக்கு ரெண்டு துண்டுக்கு மேல வேணாம்.”

“நீதானே கொடுப்ப” என்றார். சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். கணக்கு டீச்சர். விடை வருவதற்கு முந்தின வரியிலேயே புரிந்துவிடும்.

“மஹா... திங்கக்கிழமை?”

“திங்கக்கிழமை கேம்ப் ரோட்லேர்ந்து ஒரு லேப்ரடார் வருது மிஸ். நகம் வெட்டும்போது கடிக்க வரும். நீங்களே வாய்க்கட்டு போட்டுடுங்க.”

அவர் என் கையைப் பிடித்தார். நான் இழுத்துக்கொள்ளவில்லை. அவரே விட்டார்.

பின்னால் மைக் கரகரத்தது. “அடுத்து நம்ம கெஸ்ட், பஞ்சு! ஒரு ஜாலி ரன்! எல்லாரும் கை தட்டுங்க!”

தன் பெயரைக் கேட்டதும் பஞ்சு காதை நிமிர்த்தியது. கம்பிகளைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. நான் வாசல் பக்கம் திரும்பி நடந்தேன். கயிறு தொய்வாகவே இருந்தது, அதுவும் கூடவே வந்தது. கேட்டைத் தாண்டும்போது இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.