பெர்னடீனின் நாற்காலி

பஸ்ஸில் நிறுத்தங்களின் பெயரைச் சொல்ல அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் ஊர்ப் பேச்சை அசலாகப் பேசும் குரல் ஒன்று வேண்டுமாம். சர்ச் கூடத்தில் தேர்வு. பெர்னடீனுக்கு அது கிடைத்தே ஆகவேண்டும். சின்ன வயதில் "நீங்கல்லாம்" என்பதற்கு ஊர் வழக்கப்படி "யின்ஸ்" என்று சொன்னதற்காகக் பள்ளிக்கூடக் கன்னியாஸ்திரீ ஸ்கேலால் விரலில் போட்ட போடு இன்னும் வலிக்கிறது. அதே வாயை ஊரே கேட்கட்டும் என்ற வீம்பு அவளுக்கு.

அன்று காலை வீட்டு வாசலில் இரண்டு மணி நேரம் பனியை வாரி, வேலைக்குப் போன கணவனின் காருக்காக இடம் பிடித்துச் சமையலறை நாற்காலியைப் போட்டுவிட்டு, எதிரேயிருந்த கூடத்துக்கு வந்திருந்தாள். பனி வாரியவர் நாற்காலி போட்டுவிட்டால் அந்த இடத்தை வேறு யாரும் தொடக்கூடாது என்பது ஊரில் எழுதாத சட்டம்.

முதலில் மேடையில் பிரென்ட் ஏறினான். ஊருக்கு வந்து ஏழே வருஷம், அதற்குள் இந்தப் பேச்சைப் பற்றிப் புத்தகமே போட்டுவிட்டான்.

"யின்ஸ்ங்கிறது அயர்லாந்து வழியா வந்த ஸ்காட்லாந்துக்காரங்க கொண்டாந்தது. மூக்க நுழைக்கிறவன் 'நெபி', வீட்ட ஒழுங்குபண்றது 'ரெட் அப்'!" என்று வெளுத்து வாங்கினான். நடுவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

அடுத்து பெர்னடீன். மைக்கைப் பார்த்ததும் ஸ்கேல் ஞாபகம் வந்து தொலைத்தது. டிவியில் செய்தி வாசிப்பவளைப் போல வழவழவென்று பேசிவிட்டு, மைக்கைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். எல்லாம் போச்சு!

பழைய இரும்பாலைக்காரரான நடுவர் ரெஜிஸ் பிரென்டிடம் கேட்டார். "இந்தப் பனியில காருக்கு எப்படிய்யா எடம் கெடச்சுது?"

"எதிர்ல ஒரு ஓட்ட நாற்காலி கெடந்துச்சு சார். தூக்கி ஓரமா வெச்சிட்டேன்."

கூடத்தில் ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அடப்பாவி!" என்றாள் பெர்னடீன். "யின்ஸ் எல்லாம் எங்கேருந்துடா கெளம்பி வர்றீங்க? முதுகொடிய நான் வாருவேன், தொர வந்து நிறுத்துவாரோ? நாற்காலியத் தொட்ட கைய ஒடிக்கணும்டா, ஜாகாஃப்!" இன்னும் என்னென்னவோ ஊர் வசவெல்லாம் வந்தது. மைக் அணைக்கப்படவேயில்லை.

ரெஜிஸ் தாளில் பிரென்டின் பெயரைக் கோடு போட்டு அடித்தார். "பஸ்ஸுல இதையெல்லாம் போட முடியாதும்மா. ஆனா கொரல் இதுதான்."

பிரென்ட் நோட்டும் பேனாவுமாக ஓடிவந்தான். "மேடம், ஜாகாஃபுக்கு அப்புறம் ஒண்ணு சொன்னீங்களே, அத இன்னொரு தரம் மெதுவா..."

"மொதல்ல நாற்காலிய இருந்த எடத்துல வெச்சிட்டு வாடா!"