மூட்டைக்குப் போட்ட பெல்ட்

...மறுபடியும் இடது பக்கம்தான், டேப்பை வைப்பதற்கு முன்பே தெரியும், சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு வளைவு வரைக்கும் வலது பக்கம் சொன்ன பேச்சைக் கேட்டு நிற்கிறது, இடது பக்கம் மட்டும் ஒரு விரல் தூக்கிக்கொண்டு நிற்கிறது, இரண்டையும் ஒரே அளவுதானே ஏற்றினேன், மரையை எண்ணி எண்ணித்தானே திருகினேன்... சரி, மறுபடியும் ஜாக்கி, மறுபடியும் சக்கரத்தைக் கழற்று. காரைத் தாழ்த்துவதற்கென்றே தேடி வாங்கிப் போட்ட குட்டை ஸ்பிரிங், அதற்கு அடியில் மரை போட்ட வளையம், மேலே திருகினால் வண்டி ஏறும், கீழே திருகினால் இறங்கும், கேட்க பாட்டில் மூடி விஷயம் மாதிரி இருக்கிறது, ஆனால் சேறும் தண்ணீரும் போய் இறுகிக் கிடக்கும் வளையத்தைக் கொக்கி ஸ்பேனர் வைத்து அரைச் சுற்று நகர்த்துவதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது, விரல் முட்டியில் தோல் உரிந்து எரிகிறது, நன்றாக இருந்த வண்டியைத் தாழ்த்தச் சொல்லி யார் அழுதார்கள்? யாரும் அழவில்லை. அழகாக இருக்கும் என்று எனக்கே தோன்றியது, அழகாகத்தான் இருக்கிறது, யார் இல்லை என்றார்கள்?

“நாளைக்கு நம்ம வண்டி ஆகுமான்னு வெளிச்சம் போறதுக்குள்ள சொல்லுங்க, இல்லேன்னா அண்ணனுக்கு ஃபோன் பண்ணணும்” என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள் என் மனைவி, அவ்வளவுதான், திட்டினாலாவது பதிலுக்குத் திட்டலாம். நாளைக் காலை மாமனாரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வர வேண்டும், வயிற்றில் ஆபரேஷன், தையல் இன்னும் பிரிக்கவில்லை, வண்டி தூக்கிப் போடக் கூடாது என்று டாக்டர் சொன்னாராம், அதைச் சொல்லும்போது டாக்டர் என் பெயரைக் குறிப்பிட்டுச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தாள். பெட்டி மாதிரி உயரமான வண்டி வைத்திருக்கிற மச்சான் வந்து இறங்குவார், “என்ன மாப்ள, வண்டி தரையோட ரகசியம் பேசுதா” என்று அதே பழைய ஜோக்கை அடிப்பார், நான் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், சொந்த மாமனாரை வீடு சேர்க்க வக்கில்லாத மருமகன்... எல்லாம் அந்தத் தெருமுனை வேகத்தடையால் வந்த வினை. தடையா அது, யாரோ செத்தவரைப் புதைத்து மேலே தார் ஊற்றிய மாதிரி இருக்கிறது. அங்கே வந்தால் வண்டியின் வயிறு தட்டும், அதனால் அவள் இறங்கிவிடுவாள், நான் சொல்லாமலே கதவைத் திறந்து இறங்கி, நான் தாண்டிய பிறகு நடந்து வந்து ஏறிக்கொள்வாள், போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, மழையில்கூட, பட்டுப்புடவையில்கூட. எதிர்வீட்டுக்காரர் சிரிப்பார், அவளும் சிரிப்பாள், நானும் சிரித்தேன், இப்போது அவள் சிரிப்பதில்லை, எப்போது நிறுத்தினாள்?

இடது வளையத்தைக் கொஞ்சம் இறக்கினேன், அடங்கு, வலதோடு சமமாக நில். ஓட்டுபவன் எடை சீட்டில் இருக்கும்போதுதான் உயரத்தை அளக்க வேண்டும், அது தெரியாமல் அளக்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் அப்படி இல்லை, ஆனால் நானே சீட்டில் உட்கார்ந்தால் டேப்பை யார் பிடிப்பது, அதனால் பாத்ரூம் தராசில் ஏறிப் பார்த்து, சுவருக்குப் பூச வாங்கி மிச்சம் கிடந்த புட்டி மூட்டையும் பெயின்ட் டின்னுமாக என் எடைக்குச் சேர்த்து டிரைவர் சீட்டில் ஏற்றி, சரியாமல் இருக்கப் பெல்ட்டும் போட்டுவிட்டிருக்கிறேன், பார்க்க என்னைப் போலவே தொப்பையோடு உட்கார்ந்திருக்கிறது. ஜாக்கியை இறக்கி, ஸ்பிரிங் படிய வண்டியை முன்னும் பின்னும் தள்ளி, கால் வழுக்கி, யாரையோ திட்டி, டேப்பை வைத்தால்... சமம், நூல் பிடித்த மாதிரி, பழைய உயரத்துக்கு மூன்று விரல் மேலே, இரண்டு பக்கமும். நெஞ்சு நிறைந்துவிட்டது, மூட்டையைக் கட்டிப்பிடித்து இறக்கினேன். “வா, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம், ஃபோனெல்லாம் வேணாம்” என்றேன். ஈரக் கையைத் துடைத்தபடி வந்து ஏறினாள்.

தெருமுனை வந்தது, வேகத்தைக் குறைத்தேன், இறங்காதே என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் கை கதவைத் திறந்துவிட்டது, இறங்கி ஓரமாக நின்றுவிட்டாள், பழக்கம். தாண்டினேன். சத்தமே இல்லை, ஒரு உரசல்கூட இல்லை, கண்ணாடியை இறக்கி, “தட்டல பாத்தியா” என்றேன், என் குரல் எனக்கே சின்னப்பிள்ளை குரல் மாதிரி கேட்டது. நடந்து வந்து குனிந்து என்னைப் பார்த்து, “பாத்தேன். நாளைக்கு அப்பா உள்ள இருப்பாரு இல்ல?” என்றாள். கேலியே இல்லை, சும்மாதான் கேட்டாள்.

அவள் ஏறி உட்கார்ந்ததும் இடது பக்கம் மெதுவாக அமுங்கியது. காலி சீட்டு. சாயங்காலம் முழுக்க அந்தச் சீட்டு காலியாக இருந்தது, ஆள் இல்லாததால்தான் அந்தப் பக்கம் தூக்கி நின்றது, அதைத்தான் நான் முறைத்து முறைத்து இறக்கியிருக்கிறேன், இன்றைக்கு மட்டுமா, ஸ்பிரிங் போட்ட நாளிலிருந்து இப்படித்தானே அளக்கிறேன், என் எடைக்கு மூட்டை கட்டி அதற்குப் பெல்ட்டும் போட்டவனுக்குப் பக்கத்து சீட்டில் ஒரு ஆள் வரும் என்று தோன்றவே இல்லையே, அவள் ஏறினால் அவள் பக்கம் தட்டாமல் என்ன செய்யும்... ஆனால் மூன்று விரல் ஏற்றியிருக்கிறேனே, ஒருவேளை தட்டாதோ? வண்டியைத் திருப்பினேன், அதே தடை, இந்தப் பக்கத்திலிருந்து. “இந்தத் தடவ இறங்காத” என்றேன். “சரி” என்றாள், கையை மடியில் வைத்துக்கொண்டாள். முன்சக்கரம் தடையைத் தொட ஒரு சாண் இருக்கும்போது வண்டி நின்றுவிட்டது, நான்தான் நிறுத்தியிருக்கிறேன், பிரேக்கில் இருந்த காலை எடுக்க முடியவில்லை. அவள் தடையைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தாள். “இறங்கட்டுமா?” என்றாள்.