வாசனை சோப்பு

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் ஊர் கோட்டக்குப்பத்துக்கே தெரியும். ஆனால் பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் தமன்னா, கீழே அரிக்கிறது என்று சொன்ன அன்று மட்டும் வாயடைத்துப் போனேன். பிறகு துபாயில் வேலை பார்க்கும் என் கணவர், அவள் அத்தா, கொண்டுவந்த வாசனை சோப்பில் ஒன்றைப் பிரித்துக் கொடுத்தேன். தினம் மூன்று வேளை நன்றாகக் கழுவு, யாரிடமும் மூச்சு விடாதே என்றேன். எங்கள் தெருவில் அந்தச் சோப்பு இல்லாத வீடு இல்லை. அதைவிடச் சுத்தம் வேறென்ன இருக்கிறது?

மூன்று வாரத்தில் எரிச்சல் கூடிவிட்டது. ஏதோ கெட்ட நோய் வந்துவிட்டதென்று அவளாகவே முடிவு கட்டி, சோறு இறங்காமல் கிடந்தாள். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து அவள் அத்தா வீடியோ காலில் வந்தார். முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்டதும், நான் கண்ணால் அடக்கியும் கேளாமல், தமன்னா அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். எனக்கு எங்கே போய் ஒளிவது என்றிருந்தது. அவர் கூச்சப்படவேயில்லை. விசாவுக்காக ரத்தப் பரிசோதனை கொடுத்து, அவர் தங்கியிருக்கும் தொழிலாளர் கேம்புக்கு வரும் டாக்டர் பேசுவதைக் கேட்டு, அவருக்கு இந்தப் பேச்சு பழகியிருந்தது.

"அரிப்பு சும்மாவே வரும்மா. ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு ஒட்டிக்கிற நோயும் இருக்கு, அதுக்கும் வைத்தியம் இருக்கு. தப்பு பண்ணாலும் சொல்லு, பண்ணலன்னாலும் சொல்லு. மனசுல வச்சிக்கினு இருக்காத."

தெரிந்தவர்கள் கண்ணில் படக்கூடாதென்று, பக்கத்தில் இருக்கும் பாண்டிச்சேரியை விட்டுவிட்டு மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு டாக்டரம்மா அவளைப் பார்த்துவிட்டு, இது பூஞ்சைத் தொற்று, நிறையப் பெண்களுக்கு வருவதுதான் என்றார். சோப்பு போட்டுப் போட்டுத்தான் எரிச்சல் கூடியதாம். வெறும் தண்ணீர் போதுமாம். க்ரீம் எழுதிக் கொடுத்தார். தமன்னா பல நாள் கழித்துச் சிரித்தாள். அல்லாவுக்கும் அவள் அத்தாவுக்கும் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

கதவு வரை போனவள் நின்றுவிட்டேன். ஆறு வருடமாக எனக்கும் அதே அரிப்பு. அதே சோப்பு. அவர் லீவில் வரும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி விலகிப் படுத்திருக்கிறேன். அந்த நல்ல மனிதரிடம்கூடச் சொல்லவில்லை.

தமன்னா என் முகத்தைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரும்மா. மனசுல வச்சிக்கினு இருக்காத."

உட்கார்ந்தேன். "டாக்டர், எனக்கும் பாக்கணும்," என்றேன்.