பட்டாம்பூச்சித் தோட்டத்தைச் சுத்தம் செய்தோம்

1

இந்தக் கதை ஒரு வாளி சோப்புத் தண்ணீரில் பிறந்தது. செத்தது என்று சொல்வதே சரி. ஆனால் சாவில் தொடங்கினால் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘அந்தக் கோடையில் இயற்கை மையத்தின் மேல் வெயில் பொன்னை உருக்கி’

[நிறுத்திவிட்டேன். வெயில் எதையும் உருக்கவில்லை. மண்டையைப் பிளந்தது.]

இயற்கை மையம் ஊரின் ஓரத்தில் இருக்கிறது. இரண்டு அறை, ஒரு குளம், மரங்களைவிட அறிவிப்புப் பலகைகள் அதிகமுள்ள ஒரு நடைபாதை. கோடை விடுமுறையில் குழந்தைகளுக்கு ஐந்து வாரம் முகாம். புதிதாக வாங்கிய காகிதக் கோப்பைகளை வெட்டி ஒட்டி ‘பழைய பொருளில் கலை’ செய்வார்கள். பெரியவர்களுக்குச் சமூகத் திட்டம். ஒரு பச்சை டீ-ஷர்ட் தருவார்கள். அதை மாட்டிக்கொண்டால் இயற்கை நமக்குக் கடன்பட்டதுபோல ஒரு நடை வந்துவிடும். இந்த ஆண்டுத் திட்டம், பட்டாம்பூச்சித் தோட்டம்.

2

கதைக்கு ஒரு பெண். தோட்டத்தைப் பராமரிப்பவர். குழந்தைகள் வைத்த பெயர் ‘புழு டீச்சர்’. ஆறு கோடையாக ஒப்பந்த வேலை. ஒவ்வொரு கோடை முடிவிலும் புதுப்பிக்க வேண்டும்.

அவர் எலுமிச்சைச் செடிகளை வரிசையாக நட்டார். பட்டாம்பூச்சிகள் வந்து முட்டையிட்டன. பொரிந்த புழுக்கள் முதலில் பறவை எச்சம் மாதிரி இருந்தன, பிறகு இலை நிறத்துக்கு மாறின. குழந்தைகள் ஒவ்வொரு புழு இருக்கும் கிளையிலும் கலர் நூல் கட்டி, தினமும் படம் வரைந்தார்கள். முகாமின் கடைசி நாள் திறப்பு விழா. அதற்குள் எல்லாம் சிறகு முளைத்துப் பறக்கும் என்று டீச்சர் கணக்குப் போட்டிருந்தார்.

மூன்றாவது சனிக்கிழமை. அன்று அவருக்கு விடுமுறை. தன்னார்வலர்கள் தோட்டத்தைச் சுத்தம் செய்ய வந்தோம்

[வந்தார்கள்.]

வந்தார்கள். இலையெல்லாம் ஓட்டை. விழாவுக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கையுறை மாட்டி, புழுக்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டார்கள். நாற்பத்தொன்று. நூல்களையும் குப்பை என்று அவிழ்த்தார்கள். மையத்தின் முகநூல் பக்கத்தில் அன்றே படம் வந்தது: ‘பூச்சிகளை விரட்டிய பசுமைப் படை.’*

* படத்துக்குக் கீழே நிறையப் பேர் கைதட்டியிருந்தார்கள். பட்டாம்பூச்சி எதிலிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பூக்கடையிலிருந்து என்று நினைத்திருக்கலாம்.

3

திங்கட்கிழமை டீச்சர் புழுவும் நூலும் இல்லாத செடிகளின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மையத்தின் தலைவருடைய அறைக்குப் போனார்.

“சார், செடியில இருந்த புழுவெல்லாம் எங்க?”

“எடுத்தாச்சு. ஒன்னு விடல.”

“அது பட்டாம்பூச்சி சார்.”

“புழும்மா. நானே பக்கத்துல நின்னு பார்த்தேன்.”

“சனிக்கிழமை புழு சார். விழா அன்னிக்குப் பட்டாம்பூச்சி.”

“ஒரு போர்டு வெச்சிருக்கலாம்ல?”

“வெச்சிருந்தேன். போட்டோவுக்கு மறைக்குதுன்னு நீங்கதான் எடுக்கச் சொன்னீங்க.”

தலைவர் நல்லவர், அதாவது, யார் மனசும் புண்படக்கூடாது என்று நினைப்பவர். யார் என்பதில்தான் ஒரு வரிசை உண்டு. தன்னார்வலர்கள் ஊரில் நாலு பேருக்கு வேண்டியவர்கள். டீச்சர் ஒப்பந்த ஆள். ஆகவே ஒரு தாளை நகர்த்தினார்.

“தெரியாம மருந்து அடிச்சிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடு. குழந்தைங்க கேட்டா சொல்லணும்ல. உன் வேலைக்கு நான் பொறுப்பு.”

“எழுதலைன்னா?”

“வியாழக்கிழமை கமிட்டி. ஒப்பந்தமும் அன்னிக்குத்தான் பேசறாங்க. நீயே யோசிச்சுக்கோ.”

ஆறு வருடமாக, இலையில் மருந்தடிப்பது கொலை என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். கையெழுத்துப் போட்டால் வேலை மிஞ்சும். முகாமுக்கு வரும் அத்தனை குழந்தைகளுக்கும் அவர் கொலைகாரி. முழுப் பூசணிக்காயை இந்தத் தடவை அவருடைய சோற்றிலேயே மறைக்கச் சொன்னார்கள்.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம். இந்தக் கதையை முன்பு எழுதிப் பார்த்த மூன்று படிகளில், வாளியைப் பிடித்திருந்தவர் ‘ஓய்வுபெற்ற பொறியாளர்’. தொப்பையும் தொப்பியும் கொடுத்து அவரை நன்றாகவே கேலி செய்திருந்தேன். இந்த வாக்கியத்தில்தான் மாட்டிக்கொண்டேன்:

‘தொட்டதும் புழு தலையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டி, ஒரு புளித்த நாற்றத்தை விட்டது, இரண்டு நாள் கழுவியும் அது விரலை விட்டுப் போகவில்லை.’

பொறியாளரின் விரல் நாற்றம் எனக்கு எப்படித் தெரியும்? அப்படி ஒரு பொறியாளரே இல்லை. வாளி என் கையில் இருந்தது. கையுறை பற்றாமல் போனது எனக்குத்தான். பத்திரிகையில் சுற்றுச்சூழல் பத்தி எழுதுகிறவன் என்பதால் படத்தில் என்னை நடுவில் நிறுத்தினார்கள்.

5

செவ்வாய்க்கிழமை டீச்சர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

“வாளியப் பிடிச்சிருந்தது நீங்கதானே அண்ணா?”

“ஆமாம்மா. எனக்கு மனசே சரியில்ல. இத ஒரு கதையா எழுதலாம்னு இருக்கேன்.”

“எழுதுங்க. வியாழக்கிழமை பதினோரு மணிக்குள்ள அச்சாகுமா?”

“அது எப்படி? ரெண்டு மாசமாவது ஆகும்.”

“அப்ப கமிட்டிக்கு வந்து வாயால சொல்லிட்டுப் போங்க. நாங்கதான் எடுத்தோம்னு நாலு வார்த்தை. இதுக்கு நடையெல்லாம் வேணாம்.”

பார்க்கலாம் என்றேன். எழுத்தாளனின் அகராதியில் இது ஒரு வாக்குறுதி. அவருடைய அகராதியில் என்னவென்று அவர் முகத்தில் தெரிந்தது.

6

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

அ. கையெழுத்துப் போடுகிறார். ஒரு சிறுமி, “நீங்களா டீச்சர்?” என்று கேட்கிறாள். [கண்ணீர் கறப்பதற்கு நல்லது. அழுதுவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போகலாம், நானும்.]

ஆ. தாளைக் கிழித்துப்போட்டுத் தலை நிமிர்ந்து நடக்கிறார். [அடுத்த மாதம் அவர் எதைச் சாப்பிடுவார் என்று இந்த வகை முடிவை எழுதுகிறவர்கள் சொல்வதில்லை.]

இ. விழா மேடையில், தப்பிப் பிழைத்த ஒரே பட்டாம்பூச்சி தலைவரின் தலைமேல் வந்து உட்காருகிறது. [உங்களுக்கு இதுதான் பிடிக்கும். தப்பியது எதுவும் இல்லை. எண்ணியவன் நான்.]

நான்காவதற்கு எழுத ஒன்றுமில்லை, போனால் போதும். இன்று வியாழக்கிழமை. மையம் என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. மணி பத்தே முக்கால்.

“போறீங்களா, இல்ல எழுதிக்கிட்டே இருக்கப்போறீங்களா?” என்று கேட்கிறாள் மனைவி.

“இந்தப் பத்தி முடியட்டும்.”

“அதுக்குள்ள அவங்க கதை முடிஞ்சிடும்.”

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகர் கையில் கொடுப்பது வழக்கம். வாசகர் மேல் வைக்கும் மரியாதை என்று அதற்குப் பெயர். நானே இரண்டு கட்டுரைகளில் அப்படி எழுதியிருக்கிறேன். தலைவர் டீச்சரிடம் நகர்த்திய தாளுக்கும் இதற்கும் வித்தியாசம் என்னவென்று இப்போது யோசித்தால், காகிதத்தின் தரம் ஒன்றுதான்.

‘அவர் பேனாவை மூடினார், சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி வேகமாக’

[சட்டை வரை நடந்தது.]